பீட்டில்ஸ் வாசிக்காத பீட்டில்ஸ் பாட்டு

1968 மார்ச் 15 அன்று லண்டன் கடைகளுக்கு ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று வந்தது. முன்பக்கத்தில் 'லேடி மடோனா'. பால் மெக்கார்ட்னி பியானோவில் புரட்டியெடுத்த துள்ளலான பாட்டு அது. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. தட்டைத் திருப்பிப் போட்டால் 'தி இன்னர் லைட்'. அதில் கிதார் இல்லை, பேஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை. சரோட், ஷெனாய், புல்லாங்குழல், ஹார்மோனியம், பக்கவாஜ் ஆகியவைதான் கேட்கின்றன. நடுவே ஓர் இளைஞனின் மெல்லிய குரல். இரண்டு பக்கத்து லேபிளிலும் 'தி பீட்டில்ஸ்' என்றுதான் அச்சாகியிருந்தது. ஆனால் பின்பக்கப் பாட்டில் அந்த நால்வரில் ஒருவர்கூட எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. அதன் வாசிப்பு முழுக்க பம்பாயில் பதிவானது. ஐரோப்பாவுக்கு வெளியே ஸ்டுடியோவில் பதிவான பீட்டில்ஸ் பாட்டு இது ஒன்றே.

உலகத்திலேயே அதிகமாக அலசப்பட்ட இசைக்குழு பீட்டில்ஸ். எந்தப் பாட்டை எந்தத் தேதியில், எந்தக் கூடத்தில், எத்தனை டேக்கில் எடுத்தார்கள் என்று தனித்தனிப் புத்தகங்கள் இருக்கின்றன. அப்படியும் இந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜார்ஜ் ஹாரிசனின் ஆன்மிகத் தேடலைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறார்கள். பம்பாய்க் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. இந்தப் பாட்டு அவர்களுடையதும்கூட என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கடிதத்தில் வந்த பாட்டு

கதை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தொடங்குகிறது. 1967 அக்டோபர் 4 அன்று டேவிட் ஃபிராஸ்ட் நடத்திய நிகழ்ச்சியில் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் தியானத்தைப் பற்றிப் பேசினார்கள். அங்கே வந்திருந்தவர்களில் ஒருவர் ஹுவான் மஸ்காரோ. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் சம்ஸ்கிருதம் கற்பித்தவர். பகவத் கீதையையும் உபநிடதங்களையும் பெங்குவின் வெளியீட்டுக்காக ஆங்கிலத்தில் தந்தவரும் அவர்தான். எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த பெரியவர்.

அடுத்த மாதம், நவம்பர் 16 அன்று, மஸ்காரோ ஹாரிசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹாரிசனின் 'விதின் யூ விதவுட் யூ' பாட்டைப் பாராட்டிவிட்டு, தாம் தொகுத்த 'லேம்ப்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற நூலையும் கூடவே அனுப்பினார். பல சமயங்களின் ஞான வாசகங்களைத் திரட்டிய நூல் அது. அதில் லாவோ ட்சுவின் தாவோ தே ஜிங்கிலிருந்து ஓர் அத்தியாயம் இருந்தது. அதற்கு மஸ்காரோ வைத்த தலைப்பு 'தி இன்னர் லைட்'. இதற்கு நீங்கள் மெட்டமைத்தால் என்ன என்று கேட்டிருந்தார். பாட்டின் பெயரும் வார்த்தையும் தபாலில் வந்து சேர்ந்துவிட்டன.

தாவோ தே ஜிங்கில் மொத்தம் 81 அத்தியாயங்கள். இது 47-ஆவது. கவிஞர் சி. மணி அந்த நூலைத் தமிழில் கொடுத்திருக்கிறார், க்ரியா வெளியீடு. இந்த அத்தியாயத்தின் சாரம் நமக்குப் புதிதே அல்ல. வாசலைத் தாண்டாமலே உலகத்தை அறியலாம், தூரம் கூடக் கூட அறிவு குறையும், ஞானி போகாமலே போய்ச் சேர்கிறான் என்பது அதன் போக்கு. சித்தர்களைப் படித்து வளர்ந்தவர்கள் இதை ஒரே மூச்சில் பிடித்துக்கொள்வார்கள். ஹாரிசன் அதில் ஒரு சின்ன வேலை செய்தார். மூலத்தில் பொதுவாகச் சொல்லப்பட்டிருந்ததை முதல் கண்ணியில் தன்மையிலும் இரண்டாவது கண்ணியில் முன்னிலையிலும் வைத்தார். தனக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும், கேட்கிறவருக்கும் சொல்ல வேண்டும். அந்த மாற்றம்தான் தத்துவ வாசகத்தைப் பாட்டாக்கியது.

பழைய நூலை எடுத்து இன்றைய மெட்டில் வைப்பது எவ்வளவு கடினமான காரியம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டாளின் திருப்பாவைப் பாசுரங்கள் முப்பதுக்கும் இன்று கச்சேரி மேடையில் ஒலிக்கும் ராகங்களை அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வார்த்தை பல நூற்றாண்டு மூத்தது, மெட்டு நேற்றைக்கு வந்தது. இரண்டும் ஒட்டாவிட்டால் பக்தி இருந்தாலும் பாட்டு நிற்காது. கோயிலுக்குள் அரையர் சேவையில் தாளத்தைத் தட்டி அதே பாசுரங்களைச் சொல்லும் முறை இன்னும் தனியாக உயிரோடு இருக்கிறது. ஒரே சொல்லுக்கு இரண்டு இசை, இரண்டும் அதற்குப் பொருந்துகிறது. ஹாரிசன் எடுத்துக்கொண்ட வேலையும் இந்த வகைதான். அப்போது அவருக்கு வயது 24.

இந்திய இசைக்கு அவர் வந்த வழி பலருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக. 1965-இல் 'நார்வீஜியன் வுட்' பாட்டில் சிதாரைப் பழகாத கையோடு மீட்டினார். 1966-இல் ஆசியன் மியூசிக் சர்க்கிளை நடத்திவந்த அங்காடி தம்பதியின் லண்டன் வீட்டில் ரவி ஷங்கரைச் சந்தித்தார். அந்த ஆண்டே பம்பாய்க்கு வந்து அவரிடம் முறைப்படி உட்கார்ந்தார். ரவி ஷங்கரின் மாணவர் ஷம்பு தாஸும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1967-இல் லண்டன்வாழ் இந்திய வாத்தியக்காரர்களோடு பதிவான 'விதின் யூ விதவுட் யூ' கமாஜ் தாட்டில் அமைந்தது. நம் கணக்கில் ஹரிகாம்போதி. கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்கள் அந்தப் பாட்டை ஒரு தடவை கேட்டாலே ஸ்வரங்களைப் பிடித்துவிடலாம்.

பெரோஷா மேத்தா சாலை, மாடி

1968 ஜனவரியில் ஹாரிசன் பம்பாய்க்கு வந்தது பீட்டில்ஸ் வேலைக்காக அல்ல. ஜோ மஸாட் இயக்கிய 'வொண்டர்வால்' என்ற படத்துக்கு இசையமைக்க ஒப்புக்கொண்டிருந்தார். அதில் இந்திய வாத்தியங்கள் வேண்டிய பகுதிகளை இந்தியாவிலேயே பதிவு செய்வது என்று முடிவு. கோட்டைப் பகுதியில், பெரோஷா மேத்தா சாலையில், ஹெச்.எம்.வி. ஸ்டுடியோவில் வேலை நடந்தது. படத்துக்கு வேண்டியதை முடித்த பிறகும் கையில் நேரம் இருந்தது. கூடுதலாகச் சில துண்டுகளைப் பதிவு செய்துகொண்டார். அவற்றில் ஒன்று, ஜனவரி 12 அன்று பதிவானதாகக் குறிக்கப்படுவது, 'தி இன்னர் லைட்' பாட்டின் உடம்பு.

தமிழ் நாட்காட்டியில் அது மார்கழியின் கடைசி நாட்கள். இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு மார்கழி நீராட்டு உற்சவம் நடக்கிற சமயம். அங்கே பம்பாயில் ஓர் ஆங்கிலேய இளைஞர், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சீனத்து வாசகத்துக்கு, வடஇந்திய வாத்தியக்காரர்களை வைத்து மெட்டைக் கோத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஸ்டுடியோவைப் பற்றி ஹாரிசனே பின்னால் சொல்லியிருக்கிறார். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்கிற வசதி சரியாக இல்லை. தெருவில் ஓடும் பஸ்ஸும் டாக்ஸியும் உள்ளே கேட்கும். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆபீஸ்கள் விட்டு எல்லாரும் தடதடவென்று படியிறங்கத் தொடங்கினால் பதிவை நிறுத்திவிட வேண்டியதுதான். 'வொண்டர்வால்' ஆல்பத்தில் கூர்ந்து கேட்டால் டாக்ஸி போவது கேட்கும் என்றும் சொன்னார்.

இருந்தது மோனோ மெஷின், ஒரே ஒரு தடம். அப்போது இ.எம்.ஐ.யின் இந்தியக் கிளையான கிராமஃபோன் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தவர் பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்தில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். கம்பெனியின் தலைமையகம் கல்கத்தாவில். ஹாரிசனுக்காக அங்கிருந்து ஒரு இரண்டு தட ஸ்டீரியோ மெஷினை ரயிலில் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தார். கல்கத்தாவிலிருந்து பம்பாய் என்றால் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரை. இதே மேனன் பின்னாளில் அமெரிக்காவில் கேப்பிடல் ரெக்கார்ட்ஸின் தலைவரானார். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973-இல் அமெரிக்காவில் பெற்ற வெற்றிக்கு அவர் உழைப்பு முக்கியக் காரணம். ராக் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த மனிதருக்குத் தனி அத்தியாயமே தரலாம். 2021-இல் காலமானார்.

இரண்டு தடம் என்பதன் அர்த்தத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்றைக்கு ஒரு பாட்டில் நூறு தடம் சர்வசாதாரணம். தபலா ஒரு நாள், வயலின் ஒரு நாள், புல்லாங்குழல் வேறொரு ஊரில் என்று தனித்தனியாக எடுத்து ஒட்டுகிறார்கள். ஒரு ஸ்வரம் பிசகினால் அதை மட்டும் மாற்றலாம். இரண்டு தடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். மைக்கை எங்கே வைக்கிறோம், யார் எவ்வளவு தள்ளி உட்காருகிறார்கள் என்பதுதான் மிக்ஸிங். ஷெனாய் சத்தமான வாத்தியம், நம் நாதஸ்வரத்துக்குத் தம்பி. அதை முன்னால் உட்காரவைத்தால் புல்லாங்குழல் காணாமல் போய்விடும். ஒருவர் தப்பினால் எல்லாரும் முதலிலிருந்து.

அன்றைய மதராஸ் ஸ்டுடியோக்களில் எம்.எஸ். விஸ்வநாதனின் பாட்டுகள் பதிவானதும் இந்த வகையில்தான். பாடகரும் ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாக இருந்து, முழுப் பாட்டும் ஒரே டேக்கில் ஓகே ஆக வேண்டும். அந்தப் பாட்டுகளில் இன்றும் நாம் உணர்கிற உயிருக்கு அது ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். 'தி இன்னர் லைட்'டிலும் அந்தக் கேட்பு கேட்கிறது.

யார் வாசித்தார்கள்

இந்தப் பாட்டின் வாசிப்போடு சேர்த்துப் புத்தகங்களில் வருகிற பெயர்களைச் சொல்கிறேன். சரோட்: ஆஷிஷ் கான். பக்கவாஜ்: மகாபுருஷ் மிஸ்ரா. புல்லாங்குழல்: ஹரிபிரசாத் சௌராசியா. ஷெனாய்: ஹனுமான் ஜாதவ். ஹார்மோனியம்: ரிஜ்ராம் தேசாத்.

இவர்கள் யார் என்று தெரிந்தால் லேபிளின் மௌனம் இன்னும் உறுத்தும். ஆஷிஷ் கான் 1939-இல் மைஹரில் பிறந்தவர். அப்பா அலி அக்பர் கான், தாத்தா அலாவுதீன் கான். ரவி ஷங்கருக்கே குரு அந்தத் தாத்தா. ஹாரிசன் யாரைக் குருவாக நினைத்து வந்தாரோ அவருடைய குருவின் பேரன், ஹாரிசன் சொன்ன மெட்டை வாசித்துக்கொண்டிருந்தார். மகாபுருஷ் மிஸ்ரா, அலி அக்பர் கானுக்கு நாடெங்கும் உலகெங்கும் தபலா வாசித்தவர். ஹரிபிரசாத் சௌராசியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அலகாபாத் மல்யுத்தக்காரர் ஒருவரின் மகன், கட்டாக் வானொலியிலிருந்து பம்பாய்க்கு மாறிவந்தவர். அந்த நாட்களில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டே மேடையில் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். சந்தூர் மேதை ஷிவ்குமார் சர்மாவோடும் கிதார் கலைஞர் பிரிஜ் பூஷண் காப்ராவோடும் சேர்ந்து அவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' அதற்குச் சற்று முன்னால்தான் வெளிவந்திருந்தது.

ராகத்தை ஒரு மணி நேரம் விரித்து வாசிக்கப் பழகியவர்கள் இவர்கள். அவர்களிடம் சில விநாடி நீளமுள்ள, முன்கூட்டியே வகுத்த துண்டுகளைக் கேட்கிறார் ஹாரிசன். மனோதர்மத்துக்கு இடம் கொஞ்சம்தான். ஆனால் சினிமா ஸ்டுடியோவில் பழகிய கைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. நான்கு மாத்திரை இடைவெளியில் ஒரு ராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது தனி வித்தை. பம்பாயிலும் மதராஸிலும் அந்த வித்தை தெரிந்த நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். மேடைக் கச்சேரியை மட்டும் கலையாக எண்ணுகிறவர்கள் இந்தத் திறமைக்கு உரிய மதிப்பைக் கொடுத்ததில்லை.

வாத்தியச் சேர்க்கையும் கவனிக்கத்தக்கது. சரோட், ஷெனாய், ஹார்மோனியம், பக்கவாஜ் எல்லாம் ஒரே கச்சேரி மேடையில் சேர்ந்து உட்காருவது வழக்கமில்லை. பக்கவாஜ் துருபத் பாட்டுக்கு உரிய கம்பீரமான வாத்தியம், நம் மிருதங்கத்துக்கு உறவு. ஷெனாய் மங்கல வாத்தியம். ஹார்மோனியம் பாட்டுக்குத் துணை. சம்பிரதாயம் தெரிந்த ஒருவர் இவற்றை ஒன்றாக அழைக்கத் தயங்கியிருப்பார். ஹாரிசன் தயங்கவில்லை. அவற்றை எங்கே பயன்படுத்தினார் என்பதில்தான் அவருடைய காது தெரிகிறது. பாட்டு வேகமான வாத்தியப் பகுதியோடு திறக்கிறது. சரோட்டும் ஷெனாயும் அங்கே முன்னால் வந்து ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன. குரல் வரும் இடத்தில் வேகம் தணிகிறது. கூர்மையான வாத்தியங்கள் ஒதுங்கி, புல்லாங்குழலும் ஹார்மோனியமும் குரலைத் தாங்குகின்றன. கண்ணி முடிந்ததும் மறுபடி ஓட்டம். உள்ளே அடங்குவதும் வெளியே ஓடுவதும் மாறி மாறி வருகிறது. பாட்டின் பொருளே அதுதானே. மொத்தம் இரண்டு நிமிடம் 36 விநாடி.

மெக்கார்ட்னி இந்தப் பாட்டை மெச்சியிருக்கிறார். இந்திய வாசிப்பை மறந்துவிட்டு மெட்டை மட்டும் கேளுங்கள், எவ்வளவு அழகான மெட்டு என்ற பொருளில் பேசினார். நண்பனின் பாட்டை ரசிகர்களிடம் கொண்டுசேர்க்கும் நல்லெண்ணம் அதில் இருக்கிறது. ஆனாலும் அதை ஏற்க என்னால் முடியவில்லை. வாசிப்பை மறந்துவிட்டால் மிஞ்சுவது அழகான ஒரு தாலாட்டு, அவ்வளவுதான். ஷெனாயும் சரோட்டும் பரபரவென்று ஓடி வந்து சட்டென்று நிற்கிற இடத்தில்தான் அந்த மெட்டுக்கு அமைதி கிடைக்கிறது. ஓட்டம் இல்லாமல் அமைதியை எப்படிக் காட்டுவது? மெட்டை உண்டாக்கியவர் ஹாரிசன். அதற்கு மூச்சும் எடையும் கொடுத்தவர்கள் பம்பாய்க்காரர்கள்.

ஏபி ரோட்டில் ஒரு தயக்கம்

டேப் லண்டனுக்குப் போயிற்று. பிப்ரவரி 6 அன்று ஏபி ரோடு ஸ்டுடியோவில் பம்பாய்ப் பதிவை நான்கு தட மெஷினுக்கு மாற்றி, அதன்மேல் ஹாரிசன் பாடினார். அன்று ரிங்கோ ஸ்டார் பாடகி சில்லா பிளாக்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். ஹாரிசனுக்குப் பாடத் தயக்கம். மெட்டு தன் குரலுக்குக் கொஞ்சம் உயரம் என்று பட்டிருக்கலாம், நியாயம் செய்ய முடியுமா என்ற பயமாகவும் இருக்கலாம். பயப்படாமல் பாடிப்பார் என்று மெக்கார்ட்னி தைரியம் சொன்னதை, அன்று டேப் இயக்கும் வேலையில் இருந்த ஜெர்ரி பாய்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 8 அன்று, லெனனும் மெக்கார்ட்னியும் கடைசி வரியில் மட்டும் குரல் சேர்த்தார்கள். மொத்தப் பாட்டிலும் அவர்கள் பங்கு அவ்வளவே.

குரலும் வாத்தியமும் ஒரே அறையில் சந்திக்கவே இல்லை. வாசித்தவர்கள் எந்த வார்த்தைக்கு வாசிக்கிறோம் என்று கேட்டு வாசிக்கவில்லை. பாடியபோது அவர்கள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தார்கள். சினிமாவில் டிராக் பாட்டுக்குப் பழகிய நமக்கு இது புரியும். ஆனால் 1968-இல், ஒரு ராக் குழுவின் ஒற்றைத் தட்டுக்கு இப்படி நடந்தது புதுமை. பாடும் இடத்தில் வாத்தியங்கள் இவ்வளவு சரியாக ஒதுங்கி நிற்கின்றன என்றால், பம்பாயிலேயே பாட்டின் முழு வடிவமும் ஹாரிசன் மனதில் தீர்மானமாகிவிட்டிருந்தது என்றே கொள்ள வேண்டும்.

ஒரு வாரம் கழித்து பீட்டில்ஸ் தியானம் பயில ரிஷிகேஷுக்குக் கிளம்பிவிட்டார்கள். தட்டு வெளிவந்தபோது ரிங்கோவைத் தவிர மற்ற மூவரும் கங்கைக்கரையில் இருந்தார்கள். பீட்டில்ஸ் ஒற்றைத் தட்டு ஒன்றில் ஹாரிசன் எழுதிய பாட்டு இடம்பெற்றது அதுவே முதல்முறை. லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியதுதான் தட்டுக்குப் போகும் என்ற வழக்கத்தை உடைத்தது, பம்பாயில் பதிவான பாட்டு. அமெரிக்காவில் பில்போர்டு பட்டியலில் பின்பக்கப் பாட்டாகவே 96-ஆம் இடத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. அந்தக் காலத்து ஆல்பம் எதிலும் சேராததால் ரசிகர்களில் பெரும்பாலோர் கண்ணில் படாமலே இருந்தது. 1988-இல் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்பில் வந்த பிறகு புதிய தலைமுறைக்கு எளிதாகக் கைக்கெட்டியது.

நோட்டீசில் இருக்கும் மரியாதை

எங்கள் வன்னியம்பட்டிப் பக்கம், ராஜபாளையம் வரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும், பங்குனி, சித்திரைப் பொங்கல் வந்துவிட்டால் சுவரெங்கும் நோட்டீஸ் ஒட்டுவார்கள். சாமி படம் மேலே, ஊர்ப் பெரியவர்கள் பெயர் நடுவே. கீழே வரிசையாக நையாண்டி மேளம் இன்னார் குழு, நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார், கரகாட்டம் இன்னார், மைக் செட் இன்னார், பந்தல் இன்னார், வாணவேடிக்கை இன்னார். ஊர் பெயரோடு அச்சடித்திருக்கும். மூன்று நாள் திருவிழாவுக்கு உழைத்த கை எதுவும் விட்டுப்போகாது. விட்டுப்போனால் சண்டை வரும், வரத்தான் வேண்டும். இவ்வளவு எளிய மரியாதையை உலகத்தின் மிகப் பெரிய இசைத்தட்டு நிறுவனம் தன் லேபிளில் செய்யவில்லை.

இடமில்லை என்று சொல்ல முடியாது. 1966-இல் 'ரிவால்வர்' ஆல்பத்தின் உறையில், 'லவ் யூ டூ' பாட்டுக்குத் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். அதே 1968 நவம்பரில் வந்த 'வொண்டர்வால் மியூசிக்' உறையிலும் பம்பாய்க் கலைஞர்களின் பெயர்கள் இருந்தன; அது ஹாரிசனின் தனி ஆல்பம், பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஆல்பமும்கூட. மனம் இருந்த இடத்தில் பெயர் வந்தது. 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தில் 'விதின் யூ விதவுட் யூ'வுக்கு வாசித்த லண்டன் இந்தியர்களின் கதை இதைவிட வருத்தமானது. உறையில் உலகப் பிரபலங்கள் எத்தனையோ பேரின் முகங்கள் இருந்தன. வாசித்தவர்களின் பெயர் இல்லை. அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி என்ற பெயர்கள் பொதுவெளிக்குச் சரியாக வந்துசேர 2017 ஆயிற்று. ஐம்பது வருஷம்.

இது வெள்ளைக்காரர்கள் நமக்குச் செய்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நம் சினிமாத் தட்டுகளிலும் அதே கதைதான். எத்தனை பாட்டுகளில் ஒரு வயலின், ஒரு ஷெனாய், ஒரு வீணை நம்மைக் கலங்கவைத்திருக்கிறது! வாசித்தது யார் என்று கேட்டால் இசையமைப்பாளர் பெயரைச் சொல்வோம். ஏ.ஆர். ரஹ்மான் தன் ஆல்பங்களின் உறையில் வாத்தியக்காரர் பெயர்களை அச்சிடத் தொடங்கியபோது, அந்தச் சிறிய எழுத்துகளைத் தேடிப் படித்த தலைமுறை எங்களுடையது. நவீன், புல்லாங்குழல் என்று கேசட் உறையில் பார்த்த பிறகுதான் அந்தக் குழலுக்கு ஒரு மனித முகம் வந்தது.

ஹாரிசனைப் பொறுத்தவரை, அவர் இந்தக் கலைஞர்களை விட்டுப் போய்விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1974-இல் ரவி ஷங்கர் தலைமையில் பெரிய இந்தியக் குழு ஒன்றை அவரே ஐரோப்பாவுக்கு அழைத்தார். அதில் ஹரிபிரசாத் சௌராசியா மறுபடி இருந்தார். வயலினில் எல். சுப்பிரமணியம், பாட்டில் லட்சுமி ஷங்கர். மிருதங்கத்தோடு டி.வி. கோபாலகிருஷ்ணன். இங்கிலாந்தில் ஹாரிசன் வீட்டில் ஒத்திகையும் பதிவும் நடந்தன. பிறகு அமெரிக்கா முழுவதும் ஹாரிசனின் ராக் கச்சேரியோடு சேர்ந்தே பயணம் செய்தார்கள். இதே டி.வி. கோபாலகிருஷ்ணனிடம்தான் இளையராஜா கர்நாடக இசை கற்றார். பீட்டில்ஸ்காரர் ஒருவரின் மேடைக்கும் பண்ணைப்புரத்து மேதையின் பாடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மிருதங்க வித்வான்தான் இருக்கிறார்.

1996-இல் ஹாரிசன் மதராஸுக்கே வந்தார். ரவி ஷங்கரின் 'சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா' ஆல்பத்தின் தயாரிப்பாளர் அவர். வேத மந்திரங்களையும் சுலோகங்களையும் இசையோடு பதிவு செய்த அந்த வேலையில் ஒரு பகுதி மதராஸிலும் மறு பகுதி இங்கிலாந்தில் அவர் வீட்டிலும் நடந்தது, 1997-இல் வெளிவந்தது. பழைய வாசகம், இந்தியக் கலைஞர்கள், இந்திய ஸ்டுடியோ. 24 வயதில் பம்பாயில் தொட்ட வேலையை 53 வயதில் மதராஸில் தொடர்ந்திருக்கிறார். மோகத்தில் வந்து போனவர் என்று அவரைச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அவர் 2001-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு நினைவு நாளில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த அஞ்சலிக் கச்சேரியில், ஜெஃப் லின் பாட, அனுஷ்கா ஷங்கர் சிதார் வாசிக்க, 'தி இன்னர் லைட்' ஒலித்தது. பீட்டில்ஸ் மேடையில் ஒருபோதும் வாசித்திராத பாட்டு.

2014-இல் 'வொண்டர்வால் மியூசிக்' மறுபடி வெளிவந்தபோது, பம்பாயில் எடுத்த இன்னொரு டேக்கைக் குரல் இல்லாமல் அதோடு சேர்த்து வெளியிட்டார்கள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். குரல் வரவேண்டிய இடங்களில் புல்லாங்குழலை மட்டும் பின்தொடருங்கள்; சரோட் எங்கே நுழைகிறது, எங்கே ஷெனாய்க்கு வழிவிடுகிறது என்று பாருங்கள். அதன் பிறகு 1968-இன் பாட்டைப் போடுங்கள். ஆஷிஷ் கான் 2024 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். மகாபுருஷ் மிஸ்ரா 1987-இலேயே போய்விட்டார். சௌராசியா குருகுலம் அமைத்துப் பிள்ளைகளுக்குக் குழல் சொல்லிக்கொடுத்து வருகிறார். கேசட் காலம் போய்விட்டது, லேபிளும் போய்விட்டது. பாட்டை யாருக்காவது அனுப்பும்போது கீழே ஒரு வரி எழுத இடம் இருக்கிறது. சரோட் ஆஷிஷ் கான், புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா, பக்கவாஜ் மகாபுருஷ் மிஸ்ரா, ஷெனாய் ஹனுமான் ஜாதவ், ஹார்மோனியம் ரிஜ்ராம் தேசாத் என்று எழுதி அனுப்புங்கள்.